கிருமியின் அச்சு எண்

நான் பாட்டில்களை முறைத்துப் பார்ப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். மருந்துப் பாட்டில்கள் உலையில் பிறந்து, ஆறி, ஓடும் பட்டையின் மேல் ஒற்றை வரிசையில் என் முன்னால் போகும். அவற்றுக்குப் பின்னால் பால் நிறத்தில் ஒளிரும் ஒரு திரை. கீறல், குமிழி, உருகாமல் கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிட்ட கல் துணுக்கு என்று எது கண்ணில் பட்டாலும் பாட்டிலின் கழுத்தைப் பிடித்துத் தொட்டியில் எறிய வேண்டும். இருபத்திரண்டு வருடமாக எறிகிறேன். ஆலையில் இரண்டு திரைகள். உலைக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் திரையின் நாற்காலி என்னுடையது. அதன் இருக்கையில் என் உருவம் பள்ளமாகப் பதிந்திருப்பதைப் பார்த்து நான் பெருமைப்பட்டது உண்டு. வேறு எங்கும் எதுவும் பதியாதவனுக்கு அது ஒரு ஆறுதல்.

ஆலையில் என்னைக் ‘கழுகு’ என்பார்கள். அந்தப் பெயரை எனக்கு வைத்தது நானே. ஆறு மாதம் பாடுபட்டுப் பரப்பினேன். என் முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் ‘தொட்டி’. அதைப் பரப்ப யாரும் பாடுபட வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் ஒரு எண் புடைத்திருக்கும். எந்த அச்சில் வார்த்தது என்பதைச் சொல்லும் எண். பாட்டில் கோணலாக வந்தால் கவிழ்த்து, அடியைக் கட்டைவிரலால் தடவி, “பதினேழு” என்று சொன்னால் போதும்; பதினேழாம் அச்சைத் துடைக்காமல் விட்டது யார், எண்ணெய் போட மறந்தது யார், எந்த ஷிப்டு என்று பத்து நிமிடத்தில் ஆள் அகப்பட்டுவிடுவான். இந்த வசதி என் புத்தியைக் கெடுத்துவிட்டது. உலகத்தின் எந்தக் கோளாறையும் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு எண் இருக்கும் என்று நம்பிவிட்டேன். குழாய் ஒழுகினாலும், பேருந்து தாமதமானாலும், சட்டைப் பொத்தான் அறுந்தாலும் என் முதல் கேள்வி “யாரு?” என்பதுதான். வீட்டைப் பொறுத்தவரை பெரும்பாலான அச்சுகள் என் மனைவியின் பெயரில் இருந்தன.

மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்குப் பரீட்சை உண்டு. குறையுள்ள இருபது பாட்டில்களின் மேல், நீல விளக்கில் மட்டும் தெரியும் மையால் புள்ளி வைத்து, வரிசையில் கலந்து அனுப்புவார்கள். அவற்றுக்கு ‘உளவாளி’ என்று பெயர். கடைசியில் தொட்டியைக் கிளறி எத்தனை உளவாளிகள் பிடிபட்டார்கள் என்று எண்ணுவார்கள். என்னிடமிருந்து ஒரு உளவாளியும் தப்பியதில்லை. இந்த முறையும் இருபதுக்கு இருபது. பாராட்டு வாங்கும் தோரணையில் நான் திரும்பியபோது மேலாளர் தொட்டிக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது உளவாளிகளோடு அறுநூற்று நாற்பது நல்ல பாட்டில்களும் உள்ளே கிடந்தன.

எங்கள் மேலாளர் “வாங்க” என்பதைக்கூடச் சுற்றறிக்கை மாதிரிச் சொல்கிறவர். அன்றைக்கு மட்டும் மனிதர் மாதிரிப் பேசினார்.

“கெட்டதை விடமாட்டீங்க, சரி. நல்லதையும் விடலைன்னா நாம எதை விக்கிறது? இந்த மாசக் கடைசியில மறுபடி பரீட்சை. தொட்டியில நல்லது நாப்பதுக்கு மேல போச்சுன்னா, முதல் திரையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். நீங்க அட்டைப்பெட்டிக்குப் போயிடுங்க.”

அட்டைப்பெட்டி என்பது பொதி கட்டும் பகுதி. அங்கே கண் வேண்டியதில்லை. இரண்டு கையும் கொஞ்சம் பசையும் போதும். கழுகு போய்ப் பசை தடவுவதா?

விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. மூன்று மாதமாகவே மதியத்துக்கு மேல் ஒரு பாட்டில் எனக்கு இரண்டாகத் தெரிந்துகொண்டிருந்தது. இரண்டில் ஒன்று நிச்சயம் மங்கலாக இருக்கும். மங்கலாக இருப்பது குறையுள்ளது, குறையுள்ளது தொட்டிக்கு. ஆனால் கழுத்தைப் பிடித்தால் கையில் வருவது ஒரே ஒரு பாட்டில்தானே. நல்லதும் அதுதான், மங்கலும் அதுதான். இதைத் தவிர இடது இமை, கடையடைப்பு நாளில் பாதி இறக்கிவிட்ட ஷட்டர் மாதிரி தொங்கும். காலையில் எழுந்தால் சரியாக இருக்கும். மேலாளர் பேசும் கூட்டங்களில் இரண்டு இமையும் இறங்கும். ஆனால் அது இந்த நோய்க்கு முன்பிருந்தே உண்டு.

என் மனைவி தபால் நிலையக் கவுன்டரில் வேலை பார்க்கிறவள். விலாசம் சரியில்லாத எதையும் அனுப்பியவருக்கே திருப்பிவிடும் பழக்கம் அவளுக்கு. ஒருநாள் சாப்பிடும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஒரு கண்ணு மட்டும் தூங்குதே, இன்னொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டாள். களைப்பு என்றேன். முறைக்கிற வேலையில் என்ன களைப்பு என்றாள். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை ஒரு பதிவுத் தபால் மாதிரி கையோடு கொண்டுபோய்க் கண் டாக்டரிடம் சேர்த்தாள். கண்ணில் ஒன்றுமில்லை என்று அவர் என்னை நரம்பு டாக்டருக்குத் திருப்பிவிட்டார்.

நரம்பு டாக்டர் ஒரு இளம்பெண். மேசையில் ஒரு பேனாவும் ஒரு தாளும் தவிர வேறு எதுவும் இல்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தேன், இமை இறங்கிவிட்டது. ரப்பர் கையுறையின் விரலில் ஐஸ் கட்டியைப் போட்டு இமையின் மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்ததும் இமை, தலைவர் வந்ததும் எழுந்து நிற்கும் தொண்டன் மாதிரி விறைத்து நின்றது. மருந்தில்லை, மாயமில்லை. இருபத்திரண்டு வருடம் நான் கட்டிக் காத்த பார்வை, கால் ரூபாய் பெறாத ஒரு ஐஸ் துண்டுக்குக் கைகட்டிச் சேவகம் செய்தது.

ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சுக்குள் இருக்கும் ஏதோ ஒரு சுரப்பியைப் படம் எடுத்துக் கட்டி ஒன்றும் இல்லை என்றார்கள். அடுத்த வாரம் டாக்டர் விளக்கினார். நரம்பு போடும் உத்தரவு தசையில் போய்ச் சேரும் வாசலை, என் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அடைத்துக்கொண்டும் உடைத்துக்கொண்டும் இருக்கிறதாம்.

“உங்க உடம்புல காவல் ரொம்பச் சுறுசுறுப்பா இருக்கு. அதுதான் சிக்கலே” என்றார்.

நோயாளியாகப் போன இடத்தில் இப்படி ஒரு நற்சான்றிதழ் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நன்றி சொன்னேன். பக்கத்தில் இருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

இது எதனால் வருகிறது என்று மற்ற நோயாளிகள் கேட்பார்களாம். நான் “யாரால?” என்று கேட்டேன். டாக்டர் இரண்டாவது முறை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

“சில வைரஸ் மேல சந்தேகம் இருக்கு. வைரஸோட ஒரு துண்டு நம்ம உடம்போட ஒரு துண்டு ஜாடையிலயே இருக்கும். அதைப் பிடிக்கப் போன காவல்காரன், ஜாடையைப் பார்த்து இதையும் அடிப்பான். வைரஸ் அடங்கின பிறகும் அடிச்சுக்கிட்டே இருப்பான்.”

எனக்கு இது புதிதாகப் படவில்லை. எங்கள் ஆலையில் ‘கல் வாரம்’ என்று ஒன்று உண்டு. உலையின் உள்சுவர் உதிர்ந்து, பாட்டிலுக்குப் பாட்டில் கல் துணுக்கு வரும். ஒரு வாரம் கல்லாகப் பொறுக்கி எறிவோம். உலையைச் சரிசெய்த பிறகும் நாலைந்து நாளைக்குச் சுத்தமான பாட்டிலில்கூடக் கல் தெரியும். தூசி கல்லாகும், நிழல் கல்லாகும், திரையின் மேல் உட்கார்ந்த ஈ கல்லாகும். எறிந்தபடியே இருப்போம். இதைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“நான் படிச்ச புத்தகத்துல இவ்வளவு நல்லா சொல்லல. ஆனா உங்களுக்கு அப்படித்தான் நடந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன். இப்போதைக்கு யாராலயும் சொல்ல முடியாது.”

பாராட்டு காதில் விழுந்தது. அதற்குப் பின்னால் வந்த இரண்டு வாக்கியங்களும் விழவில்லை. என் காதுக்கும் ஒரு காவல் உண்டு. அது கேட்க வேண்டியதைக்கூட வடிகட்டிவிடும்.

சந்தேகப் பட்டியலில் முக்கியமான ஆசாமிக்கு எப்ஸ்டீன்-பார் என்று பெயர். இரண்டு பேர் கூட்டாக நடத்தும் தையல் கடைக்கு வைத்தாற்போல ஒரு பெயர். எச்சில் வழியாகப் பரவுகிறவன். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் ஆயுசுக்கும் உடம்பின் ஏதோ ஒரு மூலையில் பதுங்கிக் குடியிருப்பான். வேறொரு நரம்பு நோய் விஷயத்தில் அவன் மேல் குற்றச்சாட்டு வலுவாகவே நிற்கிறது என்றும், என் நோய் விஷயத்தில் அவன் வெறும் சந்தேகக் கேஸ் என்றும் டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதினார். ஆலைக்குக் காட்டச் சொல்லி ஒரு கடிதமும் தந்தார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று அதில் ஒரு வரி. அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தொடர்ந்து மூன்று மணி நேரம் உட்காருகிறவன் என்று ஆலை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். இருபது நிமிடம் என்பது கழுகுக்குரிய அளவா? கோழி அடைகாப்பது கூட அதைவிட அதிகம்.

கடிதத்துக்குப் பதிலாக நான் ஆலையின் விதிப் புத்தகத்தை எடுத்தேன். நாற்பத்தொன்றாம் விதி எனக்காகவே எழுதியதுபோல் இருந்தது: பணியிடத்தில் வந்த நோய் என்று நிரூபித்தால், அந்த ஊழியரை அவர் சம்மதமின்றி இடம் மாற்றக் கூடாது. ஆக, எப்ஸ்டீன்-பார் எனக்கு ஆலைக்குள் வைத்துத்தான் தொற்றினான் என்று காட்டிவிட்டால் போதும். நாற்காலியை எவனாலும் அசைக்க முடியாது. டாக்டரால் முடியாத காரியம்தான். ஆனால் டாக்டருக்குப் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்துப் பழக்கமில்லையே.

விசாரணை என்றால் முறையாக இருக்க வேண்டும். ஆலையைக் குற்றம் சொல்வதற்கு முன் வீட்டை நீக்க வேண்டும். எச்சில் வழி பரவுவது என்பதால் மனைவியிடமிருந்து தொடங்கினேன். ஒரு தாளும் பென்சிலுமாக அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு முன்போ பின்போ தொண்டை வலியோடு நீண்ட காய்ச்சல் வந்ததுண்டா என்று கேட்டேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“என்கிட்ட இருந்து வந்துச்சான்னு கேக்குறீங்க. அந்த வழியா வந்திருந்தா தேதியைக் கண்டுபிடிக்கிறது ஒண்ணும் கஷ்டமில்லங்க. கை விரல் போதும், கால் விரல் வரைக்கும் போகாது.”

தாளில் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்து மைத்துனன். மனைவியின் தம்பி, பேருந்து ஓட்டுகிறவன். இரண்டு வருடம் முன்பு எங்கள் வீட்டில் ஒரு வாரம் காய்ச்சலோடு கிடந்தான். என் கரண்டியால் சாப்பிட்டான் என்று எனக்கு நினைவு. போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

“மச்சான், தினம் ஆயிரம் பேர் என் முதுகுல இருமிட்டு இறங்குறாங்க. நான் ஒருத்தன்கிட்டயாவது வந்து ‘உன் கிருமிக்கு டிக்கெட் எடுத்தியா’ன்னு கேட்டிருக்கேனா?” என்றான். பிறகு, தன்னால்தான் என்று எழுதிக்கொடுத்தால் எனக்கு நிம்மதி வருமென்றால் எழுதித் தருவதாகவும் சொன்னான். அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கவில்லை. அவன் ஒப்புக்கொண்டால் நோய் வீட்டில் வந்ததாகிவிடும், நாற்காலி போய்விடும். மைத்துனனை அவசரமாக நிரபராதி ஆக்கினேன். என் வாழ்க்கையில் நான் விடுதலை செய்த முதல் ஆள் அவன்தான்.

மிச்சமிருந்தது ஆலை. மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் பல் தேய்க்கும்போது அகப்பட்டது. பதினாலு மாதம் முன்னால் ஒரு கூட்டம். மேலாளர் கழுத்து வீங்கி, காய்ச்சலோடு வந்து, உடல்நலம் பேணுவதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். பேச்சின் நடுவில் தொண்டை வறண்டு, முன்வரிசையில் இருந்த என் கோப்பையை எடுத்துப் பாதித் தேநீரைக் குடித்துவிட்டு வைத்தார். மீதியை நான் குடித்தேன். குடிக்காமல் விட்டால் அவர் மனம் புண்படுமே என்ற பணிவு. கூட்டத்தில் இருந்தவர்கள் பார்க்கும்படி ருசித்தே குடித்தேன். பணிவுக்கு இப்படி ஒரு பின்விளைவு இருப்பதாக விதிப் புத்தகத்தில் எங்கும் போடவில்லை.

அறிக்கை எழுத ஆலையின் குறைப் படிவத்தையே எடுத்துக்கொண்டேன். கைக்குப் பழகிய படிவம். குறை: இடது இமை. குறையின் வகை: தொங்கல். அச்சு எண் என்ற கட்டத்தில் மேலாளரின் பதவியைப் போட்டேன். ஷிப்டு: பகல். மூன்று பிரதி எடுத்து ஒன்றை மேலாளருக்கும், ஒன்றை ஆலை டாக்டருக்கும், ஒன்றைத் தொழிலாளர் பிரதிநிதிக்கும் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வரும்போது பதினெட்டு வயது குறைந்த மாதிரி நடந்தேன். அன்று மதியம் ஒரு நல்ல பாட்டில்கூட என் பார்வையில் நல்லதாக இல்லை.

தொழிலாளர் பிரதிநிதி யாரென்று சொல்ல வேண்டும். எடை மேசையில் பாட்டில்களை நிறுத்துப் பார்க்கும் பெண். பேச்சு அவ்வளவு சிக்கனம் என்பதால் ‘சுருக்கெழுத்து’ என்று பெயர். திரையில் உட்காரவும் பயிற்சி பெற்றவள். நான் சாப்பிடப் போகும் அரை மணி நேரம் அவள்தான் முதல் திரையில் இருப்பாள். ஒன்பது வருடமாக அந்த அரை மணி மட்டும்தான். மேலாளர் சொன்ன அந்த ‘வேற ஆள்’ யார் என்று ஆலையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதனால் அவளுக்கு அறிக்கையைக் கொடுக்கும்போது கொஞ்சம் சிரித்தபடியே கொடுத்தேன். அவள் படித்தாள். “சரிண்ணே” என்றாள்.

அறிக்கையைப் படித்த மேலாளர் கொதித்துவிட்டாராம். தன் எச்சிலின் மேல் விழுந்த பழியைத் துடைக்க அன்றே ரத்தம் கொடுத்தார். என்னையும் கொடுக்கச் சொன்னார். முடிவு வந்த அன்று அவர் அறையில் நாலு பேர் உட்கார்ந்தோம்: அவர், நான், சுருக்கெழுத்து, ஆலை டாக்டர். எந்த வியாதியோடு போனாலும் ஆலை டாக்டர் முதலில் வயது கேட்பார். பதிலைக் கேட்டதும் காரணம் கிடைத்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரியும். அன்றைக்கு வயது கேட்காமலே தாளைப் பிரித்தார்.

“இவர் ரத்தத்துல அந்த வைரஸ் வந்து போன தடயம் இருக்கு. ஆனா பழைய தடயம். அஞ்சு வயசுலயா, பதினஞ்சுலயா, யார்கிட்ட இருந்துன்னு ரத்தம் சொல்லாது. பெரியவங்க நூறு பேரை வரிசையா நிறுத்தினா தொண்ணூறு பேருக்கு மேல இது இருக்கும். எனக்கும் இருக்கும்.”

மேலாளர் தன் தாளைக் காட்டி, எனக்கு எப்படி என்று விரலை அசைத்தார்.

“உங்களுக்கு இல்ல சார். உங்களுக்கு இது வந்ததே இல்ல. நூத்துல அஞ்சாறு பேர் அப்படி இருப்பாங்க. அன்னைக்குக் கழுத்து வீங்கினது பல்லுல சீழ். நான்தானே மாத்திரை கொடுத்தேன்.”

உலகம் முழுக்கத் தேடி, இந்தக் குற்றத்தைச் செய்திருக்கவே முடியாத ஒரே ஆளை நான் பொறுக்கி எடுத்திருந்தேன். ஆலை முழுவதிலும் அப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம். கழுகின் கண் அல்லவா.

மேலாளர் முகத்தில் விருது வாங்கிய களை வந்தது. தன் குடும்பமே எப்போதும் சுத்தத்தைப் பேணும் குடும்பம் என்று தொடங்கி, ஒரு சிறிய உரைக்குத் தயாரானார். பாதியில் ஏதோ உறைத்து நின்றார். நாற்காலியை என்னிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டு, தனக்கு இனிமேல் இவரிடமிருந்து வர வாய்ப்பிருக்கிறதா என்று டாக்டரிடம் தணிந்த குரலில் கேட்டார். இவர் ஒருவர்தானா, வெளியே முந்நூறு பேர் இருக்கிறார்களே என்றார் டாக்டர். மேலாளர் தன் கோப்பையைக் கிட்டே இழுத்து அதன் மேல் என் அறிக்கையை மூடி வைத்தார். அந்த அறிக்கை அதற்காவது பயன்பட்டது.

நாற்பத்தொன்றாம் விதி அத்தோடு முடிந்தது. மறுபரீட்சைக்கு நாலு நாள் இருந்தது. மாத்திரை இமையைக் கொஞ்சம் தூக்கியிருந்தது. பதிலுக்கு வயிற்றை இறக்கியிருந்தது. மதியம் வரை ஒன்றாகத் தெரிந்த பாட்டில் மூன்று மணிக்கு மேல் மறுபடி இரட்டைப் பிள்ளை பெற்றது. நாற்பதுக்குள் நிற்காது என்று எனக்குத் தெரியும். வெளியே வந்து, நடைவழியில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மடிக்க ஆள் வரட்டும் என்று அவை காத்துக்கொண்டிருந்தன.

பின்னால் சுருக்கெழுத்து வந்து நின்றாள். நரம்பு டாக்டர் கடிதம் ஏதும் தரவில்லையா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்வை என் சட்டைப்பையில் இருந்தது. ஒன்பது வருடம் எடை மேசையில் இருந்தவளுக்கு, எந்தப் பையில் எத்தனை கிராம் கூடுதலாக இருக்கிறது என்று தெரியாதா? எடுத்துக் கொடுத்தேன். மடிப்பில் கிழிந்துபோயிருந்தது. இரண்டு துண்டையும் சேர்த்துவைத்துப் படித்தாள்.

“இருபது நிமிஷம் நீங்க, இருபது நிமிஷம் நான். நான் திரையில இருக்கும்போது நீங்க எடை மேசையில உக்காந்து கண்ணை மூடிக்கோங்க. அந்த நேரத்துல நிறுக்க வேண்டியது பத்து பாட்டில்தான், அதுக்குக் கண்ணு வேணாம், தராசு காட்டுற எண்ணைப் பக்கத்துத் திரைக்காரர் படிச்சுச் சொல்வார். பரீட்சையும் அப்படியே எழுதலாம், கடிதம் இருக்கு. ஆனா நீங்கதான் கேக்கணும்.”

அவள் ஒரு வருடத்துக்குப் பேசுவதை ஒரே மூச்சில் பேசிவிட்டாள். எனக்கோ சந்தேகம். பாதி நாற்காலியில் நுழைந்துவிட்டால் மீதியைப் பிடிக்க எவ்வளவு நேரம்? நல்ல பாட்டிலைக் கண்டால் எனக்கு வரும் அதே சந்தேகம்தான். அதை ஒளிக்கவும் எனக்குத் தெரியவில்லை.

“இதுல உனக்கு என்ன லாபம்மா?” என்றேன்.

“நாற்காலி மொத்தமா வேணும்னா நான் சும்மா இருந்தாலே போதுமேண்ணே” என்றாள். கடிதத்தின் இரண்டு துண்டையும் என் கையில் வைத்துவிட்டு எடை மேசைக்குப் போய்விட்டாள்.

கேட்பது என்பது சுலபமான காரியம் என்று நினைக்கிறவர்கள் இருபத்திரண்டு வருடம் கழுகாக இருந்து பார்க்க வேண்டும். அன்றைக்கு மூன்று தடவை மேலாளரின் அறைக் கதவு வரை போய்த் திரும்பினேன். நாலாவது தடவை அவரே கதவைத் திறந்துவிட்டார். “சார், எனக்கு இருபது நிமிஷத்துக்கு மேல இமை நிக்கிறதில்ல. மாத்து ஆள் வேணும்” என்றேன். இரண்டு வாக்கியம். மூச்சு வாங்கியது. அவர் வாசற்படியிலிருந்து இரண்டடி பின்னால் போய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதற்கென்ன, எழுதிக் கொடுங்கள் என்றார். அவ்வளவுதான். இதற்காகத்தான் நான் என் மனைவியை விசாரித்தேன், மைத்துனனைக் கைதுசெய்து விடுதலை செய்தேன், ஒரு நிரபராதியின் ரத்தத்தை எடுக்கவைத்தேன்.

வீட்டில் சொன்னேன். “வலிக்குதா?” என்று மனைவி கேட்டாள். இந்த மூன்று மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. கேட்க நான் யாருக்கும் இடம் கொடுத்ததில்லை. வலி இல்லை, பயம்தான் இருக்கிறது என்றேன். பயத்துக்கு மாத்திரை எழுதவில்லையா என்றாள்; எழுதவில்லை என்றேன். விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மறுபரீட்சையில் உளவாளிகள் இருபதில் பத்தொன்பது பேர் பிடிபட்டார்கள். தொட்டியில் நல்ல பாட்டில்கள் முப்பத்தாறு. ஒரு உளவாளி தப்பித்து, நீல விளக்கின் கீழே புள்ளியோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். என் இருபத்திரண்டு வருட வரலாற்றில் முதல் தப்பித்தல். அது நடந்த நேரத்தைப் பார்த்தால் என் முறை. மேலாளர் தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். நாற்காலி எங்கள் இருவருக்கும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதை மேலாளர் வழக்கம்போல் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். அதற்குள் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அதுவும் கடைசி வரியில்.

அதற்குப் பிறகு வந்த முதல் சாதாரண நாளில், காலை ஷிப்டு தொடங்கியதும் உட்கார்ந்தேன். இமை கச்சிதமாக இருந்தது. பாட்டில்கள் ஒவ்வொன்றாகவே வந்தன. ஒரு குமிழியைப் பிடித்தேன், இரண்டு கீறலைப் பிடித்தேன். இப்படியே மதியம் வரை போகலாம் என்று தோன்றியது. டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார்கள். அப்போது பக்கத்தில் சுருக்கெழுத்தின் நிழல் விழுந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன்.

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கும்மா.”

“இல்லண்ணே.”

அவள் சொன்னது சரி. என் கடிகாரம் எப்போதுமே இரண்டு நிமிடம் பின்னால் ஓடும். எழுந்தேன். அவள் உட்கார்ந்து, இருக்கையில் இருந்த பள்ளத்தை ஒருமுறை கையால் தட்டிச் சரிசெய்துகொண்டு, திரையைப் பார்த்தாள். நான் எடை மேசைக்குப் போய்க் கண்ணை மூடினேன். ஐந்து நிமிடம் போனது. தொட்டியில் ஒன்றும் விழவில்லை. ஒரு பாட்டில்கூடவா குறையில்லாமல் போகிறது? ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் திரும்பாமலே, “மூடுங்கண்ணே” என்றாள்.

மூடிக்கொண்டேன்.